இரவு பத்து மணிக்கு ஃப்ரைடு ரைஸ்: உண்மையில் எது உடம்பைக் கெடுக்கிறது?

துரைப்பாக்கத்தான்:

வணக்கம். வேலை முடிந்து அறைக்கு வர பத்து மணி தாண்டிவிடுகிறது. அதற்குள் மெஸ் மூடிவிடும். தெருமுனை ஃபாஸ்ட்ஃபுட் வண்டி மட்டும்தான் திறந்திருக்கும். வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் முட்டை ரைஸ் அல்லது சிக்கன் ரைஸ், மாறுதலுக்குக் கொத்து பரோட்டா. ஆபீஸில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 240 வந்திருக்கிறது. வயது 27. டாக்டர் "வெளிச்சாப்பாட்டைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் சொன்னால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அஜினமோட்டோ புற்றுநோய் வரவழைக்கும் என்கிறார் பெரியம்மா. மைதாவில் சர்க்கரை நோய் உண்டாக்கும் ரசாயனம் கலக்கிறார்கள் என்று அறைத்தோழன் வீடியோ அனுப்புகிறான். இன்னொருவன், "வண்டிக்கடையை விடு, ஏசி போட்ட பர்கர் கடைக்கு மாறு, அங்கே எல்லாம் சுத்தம்" என்கிறான். அறையில் அடுப்பு வைக்க ஓனர் விடமாட்டார், அதனால் "நீயே சமைத்துச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது நிஜமான கெடுதல், எது வாட்ஸ்அப் கதை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர் செல்வம்:

அஜினமோட்டோதான் தம்பி எல்லாவற்றுக்கும் காரணம். போடாதே என்று கடைக்காரரிடம் சொல்லிவிடு, பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மருதாணி:

செல்வம் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அஜினமோட்டோவை நிறுத்தினால் இவருடைய 240 ஒரு புள்ளிகூட இறங்காது. நான் திருச்சியில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவைதான் அது. வேதியியல் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட். அதே குளூட்டமேட் தக்காளியில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. கெட்ட பெயர் வந்தது 1968இல். சீன உணவகத்தில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்து மரத்துப்போவதாகவும் படபடப்பு வருவதாகவும் அமெரிக்காவில் ஒரு டாக்டர் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். கடிதம்தான், ஆய்வு அல்ல. பிறகு, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் வைத்துப் பல சோதனைகள் நடந்தன. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்தத் தொல்லைகள் நிலையாகத் தெரியவில்லை. வெறும் வயிற்றில் நிறையக் கொடுத்தபோது சிலருக்கு மட்டும் சற்று நேரம் தலைவலி வந்தது. புற்றுநோய் வருவதற்கு ஆதாரம் இல்லை.

அதைவிடப் பெரிய ஆள் சமையல் உப்பு. அஜினமோட்டோவில் சோடியம் சுமார் 12 சதவீதம், உப்பில் 39 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் என்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டி, காலை இட்லி முதல் இரவு வரை எல்லாம் சேர்த்து. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டுமே இரண்டு கிராம் உப்புக்கு மேல் இருக்கிறது. வண்டியில் உப்பும் தனியாகத் தூவுவார்கள், சில்லி சாஸும் விழும். ஒரு தட்டிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். 27 வயதில் ரத்த அழுத்தம் தெரியாது. பத்து வருடம் கழித்துத் தெரியும்.

இனி ட்ரைகிளிசரைடு. 150க்குக் கீழே இருந்தால் சரி, 200 தாண்டினால் அதிகம். அது ஏறுவதற்கு எண்ணெய் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். மாவுச்சத்து தேவைக்கு மேல் போனால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடும். தட்டில் 400 கிராம் சோறு என்று வைத்துக்கொண்டால் அதிலேயே 500 கலோரி தாண்டும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் இன்னொரு 350. சாப்பிட்டவுடன் படுக்கை. இரவில் இன்சுலின் வேலையும் பகலை விட மந்தம். தம்பி, கூடவே குளிர்பானமும் குடிப்பீர்களா? சனிக்கிழமை கிளாஸ் உண்டா? சைட்டிஷ் சிக்கன் 65 என்றால் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும் என்பது என் அனுபவம். மது ட்ரைகிளிசரைடை நேரடியாக ஏற்றும்.

துரைப்பாக்கத்தான்:

அக்கா, குளிர்பானம் உண்டு. இன்னொன்றைப் பற்றி இங்கே எழுத முடியாது, என் சித்தப்பாவும் இந்தத் தளத்தில் இருக்கிறார்.

பெருந்துறை வாணலி:

நானும் ஒரு வண்டிக்கடைதாங்க வைத்திருக்கிறேன், பெருந்துறைப் பக்கம். எல்லோரும் வெளியிலிருந்து பேசுகிறீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மத்தியானமே சோறு வடித்துவிடுவோம். கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசறி, தட்டில் பரப்பி ஆற வைப்போம். சூடாக இருந்தால் வாணலியில் ஒட்டிக் குழைந்துவிடும், ஆறினால்தான் உதிரி உதிரியாக வரும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை போட்டால் பதினொன்று வரைக்கும் அதே சோறுதான். எண்ணெய் பாமாயில் பாக்கெட். ஒரு பக்கம் 65 பொரிக்கும் சட்டி, அதில் பொரித்த எண்ணெயைத்தான் கரண்டியில் மொண்டு ரைஸ் வாணலியில் ஊற்றுவோம், மசாலா வாசம் ஏறும். ஒரு தட்டு 80 ரூபாய்க்கு விற்கும்போது இரண்டு பங்கு சோறும் ஒரு பங்கு கோழியும்தான் போட முடியும். கேஸ், அரிசி, கோழி எல்லாம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

சிவப்பு கலரும் நாங்களாக ஆசைப்பட்டுப் போடுவதில்லைங்க. கலர் பொடி இல்லாமல் ஒரு வாரம் 65 போட்டுப் பார்த்தேன். "என்னண்ணே, வெந்ததா வேகலையா?" என்று கேட்டு நகர்ந்துபோனார்கள். இப்போது காஷ்மீரி மிளகாய்த்தூளில் ஓட்டுகிறேன், அடக்கவிலை கூடத்தான் ஆகிறது.

கரூர் செல்வம்:

பொரித்த எண்ணெயையே ரைஸுக்கு ஊற்றுவீர்களா? இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அஜினமோட்டோ பக்கமே போயிருக்க மாட்டேன்.

மருதாணி:

வாணலி அண்ணா, உள்ளபடி சொன்னதற்கு நன்றி. எண்ணெயை விட எனக்கு உறுத்துவது அந்த மத்தியானச் சோறு.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும். சோறு வேகும் சூட்டில் அந்த வித்து சாகாது. சோறு மணிக்கணக்காக வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு கிருமிகளுக்கு வசதி, நம்மூர் மத்தியானம் அதற்கு நடுவில்தான் இருக்கிறது. வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு வாணலிச் சூட்டிலும் அழியாது. "பெரிய தீயில் வதக்குகிறோம், எல்லாம் செத்துவிடும்" என்பது இதற்குப் பொருந்தாது. 1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்தபோது தேடிப்போய்க் கண்டதும் இதுதான்: சோற்றை மொத்தமாக வடித்து வெளியே வைத்துவிட்டு, கேட்கக் கேட்க வதக்கிக் கொடுத்த ஃப்ரைடு ரைஸ். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி. பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். அதனால் யாரும் சோற்றைச் சந்தேகப்பட மாட்டார்கள், பழி சிக்கன் மேல் போகும்.

ஆய்வகத்து அணில்:

உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், எண்ணெய் விஷயத்தில் மட்டும் தலையிடுகிறேன்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது காற்று, சூடு, பொரிக்கும் பண்டத்தின் ஈரம் மூன்றும் சேர்ந்து அதை உடைக்கின்றன. உடைந்த துண்டுகளைத்தான் போலார் சேர்மங்கள் என்கிறோம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில். அதைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அளக்க ஒரு கைக்கருவி உண்டு, வண்டிக்கடைக்காரர் அதை வாங்கும் விலையில் இருக்காது. கண்ணால் பார்க்கலாம்: நிறம் கறுத்து, நுரை கட்டி, கையில் பிசுபிசுத்து, முன்பை விடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

இன்னொரு குழப்பம். பாமாயில் என்றாலே விஷம் என்று பேசுகிறார்கள். பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு, தினமும் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், அது உண்மை. ஆனால் அதே காரணத்தால்தான் அது சூட்டில் சீக்கிரம் உடையாது. சூரியகாந்தி எண்ணெயை வண்டிச் சட்டியில் நாள் முழுக்கக் காய்ச்சினால் பாமாயிலை விட வேகமாகக் கெடும். "நான் சன்ஃப்ளவர்தான் ஊற்றுகிறேன்" என்று கடைக்காரர் பெருமைப்பட்டால், எத்தனை தடவை காய்ச்சினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

டிரான்ஸ் கொழுப்பு, அதாவது எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் கெட்ட கொழுப்பு, அதைப் பற்றியும் கேள்வி வரும். அது அதிகமாக வந்தது வனஸ்பதி வழியாக: பரோட்டா, பப்ஸ், பேக்கரி கேக். எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 தொடக்கத்திலிருந்து விதி இருக்கிறது. பாக்கெட்டில் ஒழுங்காக வருகிறது. உதிரியாக வாங்கும் டின்னில் என்ன இருக்கிறது என்பது அந்த டின்னைப் பொறுத்தது.

பீளமேடு அம்மா:

என் மகன் கல்லூரியில் படிக்கிறான், அவனுக்கு வண்டிக்கடை வேண்டாம், பர்கர், பீட்சாதான். அங்கே கையுறை போட்டுத்தான் செய்கிறார்கள், எண்ணெயையும் மாற்றுகிறார்கள். அப்படியென்றால் அது பரவாயில்லையா? கேட்கிறேன், வாதாடவில்லை.

மருதாணி:

அம்மா, சுத்தம் வேறு, உடம்புக்கு ஒத்துக்கொள்வது வேறு. பெரிய கடையில் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு குறைவு, அது உண்மை. எடை, சர்க்கரை, கொழுப்பு விஷயத்தில் அந்தச் சலுகை இல்லை.

அமெரிக்காவில் மூவாயிரம் இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2005இல் லான்செட் இதழில் வந்தது. அங்கே ஃபாஸ்ட்ஃபுட் என்றால் நம் வண்டிக்கடை இல்லை, நீங்கள் சொல்கிற அதே பர்கர் கடைகள்தான். வாரத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவாகப் போனவர்களை விட, இரண்டு தடவைக்கு மேல் போனவர்களுக்கு 15 வருடத்தில் நாலரைக் கிலோ கூடுதலாக எடை ஏறியிருந்தது. இன்சுலினுக்கு உடம்பு ஒத்துழைக்காமல் போகும் தன்மை இரண்டு மடங்கு அதிகமாக வளர்ந்திருந்தது. இப்படிப் பின்தொடரும் ஆய்வில் வேறு பழக்கங்களும் கலந்திருக்கும், அதனால் முழுப் பழியையும் பர்கர் மேல் போட முடியாது.

ஆனால் 2019இல் கெவின் ஹால் என்பவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்தது நேரடிச் சோதனை. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. அவர்கள் அந்தச் சாப்பாட்டை வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெத்தென்ற பன், மெல்ல வேலையே இல்லை, வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போவதற்குள் தட்டு காலி.

மகனிடம் பர்கரை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுவதை விட, கூட வரும் கோலாவையும் ஃப்ரைஸையும் விடச் சொல்லுங்கள். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை. காம்போ என்றால் மலிவு என்று வாங்குவார்கள், அந்த மலிவில்தான் எல்லாம் இருக்கிறது.

விருதுநகர் பெரியவர்:

எங்கள் ஊரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டே வளர்ந்தவர்கள் எண்பது வயதிலும் நடமாடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று சொல்லிச் சாப்பாட்டையே பயமாக்கிவிட்டீர்கள்.

துரைப்பாக்கத்தான்:

ஐயா, அவர்கள் தினமும் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தார்களா? மைதா ரசாயனம் பற்றி யாராவது சொல்லுங்கள், வீடியோ அனுப்பியவன் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறான்.

ஆய்வகத்து அணில்:

வீடியோவில் வருவது அலாக்சன். ஆய்வகத்தில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவைக்க ஊசியாகப் போடும் பொருள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும். அந்தப் பாதி உண்மை. ஆலைக்காரர்கள் அதை மைதாவில் கலக்கிறார்கள் என்பது கதை, மாவை வெளுக்க அந்தப் பொருள் தேவையே இல்லை. மைதாவின் குறை வேறு: தவிடும் முளையும் போய் நார்ச்சத்து ஏறக்குறைய இல்லை, சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாகும். வெள்ளை அரிசிக்கும் இதே குறைதான். பரோட்டாவுக்குப் பயந்து ஃப்ரைடு ரைஸுக்கு மாறினால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

நாகர்கோவில் ரெஜி:

நானும் ஒன்று சொல்கிறேன், திட்டினாலும் பரவாயில்லை. வெளிச்சாப்பாடு கெட்டது, வீட்டுச் சாப்பாடு நல்லது என்று நேராகக் கோடு போடுகிறோமே, என் வீட்டு மத்தியானச் சாப்பாட்டைப் பாருங்கள். மலை மாதிரி வெள்ளைச் சோறு, ஒரு கரண்டி பொரியல், அப்பளம், ஊறுகாய். பருப்பு குழம்பில் ஒளிந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வில் நாம் சாப்பிடும் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். அதே ஆய்வு 2023இல் நாட்டில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள் இருப்பதாகச் சொன்னது. அத்தனை பேரும் பர்கர் சாப்பிட்டா வந்தது?

மருதாணி:

ரெஜி சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஃப்ரைடு ரைஸ் தட்டு நம் வீட்டுத் தட்டின் அதே குறையை எண்ணெயிலும் உப்பிலும் முக்கியெடுத்தது, அவ்வளவுதான். மூன்று வேளையும் மாவுச்சத்தாகச் சாப்பிட்டுவிட்டு நாலாவதாக இதையும் சேர்க்கும்போது உடம்பு கணக்குக் காட்டுகிறது.

பீளமேடு அம்மா:

ஷவர்மாவைப் பற்றி யாருமே பேசவில்லையே? நாமக்கல்லில் 2023இல் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இறந்துபோனதே.

ஆய்வகத்து அணில்:

அம்மா, அது கொழுப்பு, எடைப் பிரச்சினை இல்லை, கிருமிப் பிரச்சினை. 2022இல் காசர்கோடு பக்கமும் ஒரு மாணவி இறந்தார். சுழலும் கறியின் வெளிப்பக்கம் வெந்திருக்கும், உள்பக்கம் வெதுவெதுப்பாக நிற்கும். கூட்டம் அதிகமானால் வேகும் முன்பே சீவிவிடுவார்கள். இன்னொன்று பச்சை முட்டை மயோனைஸ், சால்மோனெல்லா என்ற கிருமிக்கு நல்ல இடம். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஒரு வருடத் தடை போட்டது. கூட்டம் அதிகம் வராத கடையில், மாலை முழுக்க நின்று சுற்றும் கறியை வாங்காதீர்கள். கலர் பொடியும் அப்படித்தான்: 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கிடைத்து இங்கே தடை வந்தது. 65இல் செயற்கை நிறம் எதுவுமே அனுமதி இல்லை.

துரைப்பாக்கத்தான்:

சரி, இப்போது என் கேள்விக்கு வருவோம். நாளைக்கும் பத்து மணிக்கு அதே வண்டி முன்னால்தான் நிற்பேன். என்ன கேட்டு வாங்குவது?

பெருந்துறை வாணலி:

இதை நான் சொல்கிறேன் தம்பி. "அரை ரைஸ், ரெண்டு முட்டை, கோஸ் கேரட் நிறைய, சாஸ் வேண்டாம், மிளகுத்தூள் போடுங்க, எண்ணெய் கம்மி" என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் எந்த மாஸ்டரும் செய்துதருவார். ரேட் மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். ரைஸே வேண்டாம் என்றால் ரெண்டு ஆம்லெட், இல்லையென்றால் வெங்காயம் நிறையப் போட்டு முட்டைப் பொடிமாஸ். பக்கத்தில் இட்லிக்கடை திறந்திருந்தால் அங்கே போங்கள், எனக்கு வருத்தமில்லை.

மருதாணி:

அருமை. நான் இரண்டு மட்டும் சேர்க்கிறேன். ஆபீஸ் கேன்டீனில் ஏழு, எட்டு மணிக்கு ஏதாவது கிடைக்குமென்றால் பெரிய சாப்பாட்டை அங்கேயே முடித்துவிடுங்கள். சுண்டல், முட்டை, சப்பாத்தி, கிடைப்பது எதுவானாலும் சரி. பத்து மணிக்கு ஒரு பழமும் மோரும் போதும். குளிர்பானத்தை இன்றே விடலாம், அதற்கு அடுப்பு வேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் ரத்தம் கொடுங்கள், 12 மணி நேரம் வெறும் வயிறாக இருந்து. போன தடவை சாப்பிட்டுவிட்டுக் கொடுத்திருந்தால் அந்த 240இலேயே கொஞ்சம் கூடுதல் இருக்கும். இதுவரை எடுக்கவில்லையென்றால் ஹெச்பிஏ1சியும் (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) தைராய்டும் சேர்த்து எடுங்கள். ட்ரைகிளிசரைடு 500 தாண்டினால் கணைய அழற்சி வரலாம், அப்போது இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கரூர் செல்வம்:

சித்தப்பா இந்தத் தளத்தில் இருக்கிறார் என்று சொன்னீர்களே தம்பி, அவரும் இதைப் படித்தால் நல்லது. எனக்கும் 310 இருக்கிறது.

பெருந்துறை வாணலி:

எனக்கும் இரண்டு கேள்வி இருக்கிறதுங்க. மத்தியானம் வடிக்காமல் உதிரியான சோறு எப்படி? அப்புறம், பழைய எண்ணெயை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்கிறது. பெரிய ஹோட்டல்களின் பழைய எண்ணெயை டின்னில் கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்று சொல்லி ஆட்களும் வருகிறார்கள்.

ஆய்வகத்து அணில்:

அந்த டின்னை மட்டும் தொடாதீர்கள் அண்ணே, அது ஏற்கெனவே ஆயுள் முடிந்த எண்ணெய். 2018இல் பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கும் திட்டம் ஒன்றை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் லிட்டர் கணக்கில் காசு கொடுத்து எடுப்பார்கள். உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டால் யார் எடுக்கிறார்கள் என்று தெரியும். ஒரு வண்டியில் அளவு குறைவாக இருக்கும், பக்கத்து வண்டிகளும் சேர்ந்து ஒரே கேனில் ஊற்றி வைத்தால் வந்து எடுக்கச் சம்மதிப்பார்கள்.

சோற்றுக்கு: நாலு மணிக்கு ஒரு தடவை, எட்டு மணிக்கு ஒரு தடவை, இரண்டாகப் பிரித்து வடியுங்கள். அகலத் தட்டில் விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஃபேன் வையுங்கள், அரை மணி நேரத்தில் உதிரியாகிவிடும். ஆறியதும் ஐஸ்பெட்டியில் மூடி வைத்து, தேவைக்கு மட்டும் எடுங்கள். பதினொரு மணிக்கு மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

பெருந்துறை வாணலி:

எட்டு மணிக்குத்தான் கூட்டமே வரும், அப்போது வடிக்க ஆள் இல்லைங்க. ஏழு மணிக்கு வீட்டம்மாவை வடித்து அனுப்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஐஸ்பெட்டி மீன்காரரிடம் பழையது இருக்கிறது, நன்றாகக் கழுவினால் ஆகுமா?

மருதாணி:

மீன்பெட்டி வேண்டாம் அண்ணா. புதிதாகச் சின்னதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.